உங்களை நடத்துவது அச்சமா, விருப்பமா: கண்டறிவதும் கையாள்வதும்

ஒரு காரியத்தில் இறங்குவதற்கு முன்னர், "இதை நான் ஏன் செய்யப் போகிறேன்?" என்ற கேள்விக்குரிய பதிலை ஒரு கொப்பியில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். எழுதி முடித்ததும், அந்த வாக்கியம் எந்தச் சொல்லில் முடிகிறது என்று பாருங்கள். "பயிர் அழிந்துவிடக் கூடாது", "மகள் சோதனையில் தவறிவிடக் கூடாது", "ஊர்ச்சனத்தின் முன் தலைகுனிந்து நிற்கக் கூடாது" என்று அது முடிந்தால், உங்களை நடத்துவது பெரும்பாலும் அச்சம். "கிணற்றடியில் பத்துத் தென்னை நிற்க வேண்டும்", "மகள் கணக்கை விளங்கிச் செய்ய வேண்டும்" என்று முடிந்தால், அங்கே இருப்பது விருப்பம். விவசாயப் போதனாசிரியராக வன்னியின் வயல் வரம்புகளில் நெடுங்காலம் நடந்து, கமக்காரரோடும் அவர்களுடைய குடும்பத்தவரோடும் பேசிப் பழகியதில், எனக்கு வேறெதையும்விட அதிகமாகக் கைகொடுத்த அளவுகோல் இதுதான்.

இரண்டு விசைகளும் ஒரே வேலையைச் செய்விக்கக்கூடும் என்பதால்தான் இந்த அளவுகோல் தேவைப்படுகிறது. ஒரே வாய்க்காலின் கீழ் ஒரே நாளில் இருவர் விதைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காணி தரிசாகக் கிடந்தால் பிறர் கண் பட்டுக் கைவிட்டுப் போய்விடும் என்று அஞ்சி ஒருவர் விதைக்கிறார்; தன் வயலில் மொட்டைக்கறுப்பன் நெல் விளைந்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று மற்றவர் விதைக்கிறார். விதைப்பு நாளில் இருவருக்கும் வேறுபாடு தெரியாது. களையெடுக்கும் காலத்தில் தெரியும். விதைத்துவிட்டேன், காணி வெறுமையாக இல்லை என்ற அளவில் முதலாமவருடைய அச்சம் அடங்கிவிடும். அதற்கு மேல் அவரை வயலுக்கு இழுத்து வர எதுவும் இருக்காது. மற்றவர் காலையிலும் மாலையிலும் வரம்பில் நிற்பார்.

அச்சத்தைத் தாழ்வாகப் பேசுகிறவர்களோடு நான் உடன்படுவதில்லை. போரின் இறுதிக் கட்டத்தில், 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து 2009 மே வரை, கிளிநொச்சியை விட்டுத் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போன சனத்தில், உயிர் தப்பியவர்களை உயிரோடு வைத்திருந்தவற்றுள் அச்சமும் ஒன்று. எறிகணை கூவும் சத்தம் கேட்டவுடன் பதுங்குகுழிக்குள் பாய வைத்தது அதுதான். யோசித்துத் தீர்மானிக்க அங்கே நேரம் இருக்கவில்லை. ஆனால் அந்த இடப்பெயர்வின்போது "எங்கே போகிறோம்?" என்ற கேள்விக்கு எவரிடமும் பதில் இருக்கவில்லை. இந்த இடத்தில் நிற்க முடியாது என்பது மட்டுமே தெரிந்திருந்தது. அச்சம் எதை விட்டு விலகுவது என்பதை மிக விரைவாகச் சொல்லும், எதை நோக்கிப் போவது என்பதைச் சொல்லாது. பின்னர், கூரையில்லாத வீடுகளுக்கும் பற்றை மண்டிய வளவுகளுக்கும் திரும்பி வந்தபோது, முதலில் கிணற்றை இறைப்பதா, கொட்டில் போடுவதா, எந்த மூலையில் வாழை வைப்பது என்பவற்றைத் தீர்மானிக்க அச்சத்தால் முடியவில்லை. அதற்கு எதையாவது விரும்ப வேண்டியிருந்தது. விரும்பும் பழக்கமே பலருக்கு விட்டுப் போயிருந்தது.

குளத்தைக் கொண்டு சொன்னால் நம்மவருக்கு எளிதில் விளங்கும். ஒரு குளத்துக்கு மிஞ்சிய நீரை வெளியேற்றும் வானும் வேண்டும், வயலுக்கு நீரைத் திறந்துவிடும் துருசும் வேண்டும். 2018 டிசெம்பரில் பெருமழை பெய்து இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டதைக் கண்டவர்களுக்கு, வான் இல்லாத அணைக்கட்டின் கதி என்னவாகியிருக்கும் என்று எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆனாலும் வானால் பாய்ந்த நீரை நம்பி எவரும் நெல் விதைப்பதில்லை. வயலுக்குரிய நீர் துருசால் இறங்கி, வாய்க்கால் வழியே, முறை வைத்து வர வேண்டும். அச்சம் வான், விருப்பம் துருசு. இனிச் சொல்லப்போவது எல்லாம், எதை எப்போது திறப்பது என்பதைப் பற்றியதே.

'வேண்டும்' என்ற சொல்லுக்குப் பின்னால் பார்ப்பது

கொப்பியில் எழுதிய வாக்கியத்தை உடனே நம்பிவிடாதீர்கள். அச்சம் பல வேளைகளில் விருப்பத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வரும். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு தாய், கோழி வளர்ப்புக்கென்று நுண்நிதிக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்லி, கூடு எந்த அளவில் அமைய வேண்டும் என்று என்னிடம் கேட்டார். "ஏன் தங்கச்சி, இப்பவே தொடங்க வேணுமோ? மழை முடியட்டுமே" என்றேன். "இல்லை ஐயா, இந்தக் கிழமையே காசு எடுக்க வேணும்" என்றார். ஏன் இந்தக் கிழமை என்று மீண்டும் கேட்டபோது, அவர் விரல் விட்டு நாட்களை எண்ணிக்கொண்டே, "முந்தின லோன்காரர் செவ்வாய்க்கிழமை வருவினம். அவையளுக்குக் கட்டாட்டிக் குழுவில இருக்கிற மற்றப் பொம்பிளையளுக்கு முன்னால நான் நிக்கேலாது" என்றார். அவருக்குக் கோழியில் விருப்பம் இருக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆயினும் அன்று அவரை நடத்தியது கோழி அல்ல, செவ்வாய்க்கிழமை.

அவருடைய நிலை தனியொருவருடையதும் அல்ல. 2018 இல், வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்நிதிக் கடன்களை, நிபந்தனைகளோடு தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது.

ஆகவே "ஏன்?" என்ற கேள்வியை மூன்று தடவை கேளுங்கள். மூன்றாவது பதிலும் 'வேண்டும்' என்றே நின்றால் அது விருப்பம்தான்; நடுவில் 'கூடாது' என்று மாறினால், அந்த அச்சத்தை அதற்குரிய பெயரால் அழைத்து, அதற்கு மட்டும் வழி தேடுங்கள். அந்தத் தாயோடு அமர்ந்து நாங்கள் செய்தது, எந்தக் கடன், எவ்வளவு மிச்சம், எந்த நாள் என்று ஒரு தாளில் எழுதி, தவணையைப் பிரித்துத் தரும்படி கேட்பதற்கான வாக்கியங்களை ஒழுங்குபடுத்தியதுதான். கோழிக்கூடு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போனது. அச்சத்தைத் தீர்க்க வேண்டிய காசை விருப்பத்தின் பெயரில் கடனாக எடுத்தால், அச்சமும் தீராது, விருப்பமும் கெட்டுப்போகும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. வேலை முடிந்ததும் உங்களுக்குள் எழுவது ஆறுதலா, மகிழ்ச்சியா என்று கவனியுங்கள். அச்சத்தால் செய்து முடித்த வேலைக்குப்பின் "அப்பாடா" என்று ஒரு மூச்சு வரும், அதோடு அந்த வேலையின் பக்கமே திரும்பிப் பார்க்கத் தோன்றாது. விருப்பத்தால் செய்ததை மறுநாளும் போய்ப் பார்ப்போம்.

வயலில் இறங்கிப் பார்ப்பது

அச்சத்தின் வேகம் எங்கே உதவுகிறது, எங்கே கெடுக்கிறது என்பதை நான் கற்ற இடம் நெல்வயல். மாரிமழையை நம்பிச் செய்யும் காலபோகத்தில் பயிர் மூடிக் கட்டி நிற்கும் பருவத்தில், பக்கத்து வயலில் அறக்கொட்டி விழுந்துவிட்டது என்று ஒரு செய்தி வரும். கபிலநிறத் தத்தி என்று நாங்கள் திணைக்களத் தாள்களில் எழுதுகின்ற அந்தப் பூச்சி, நெற்தண்டின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும். முற்றினால் பயிர் வட்டம் வட்டமாக எரிந்ததுபோல் காய்ந்து விழும். அப்படி விழுந்த வட்டத்தை ஒருமுறை கண்டவருக்கு அது வாழ்நாளில் மறக்காது. எனவே செய்தி வந்த அன்றே, வயலுக்குள் இறங்காமல், வரம்பில் நின்றபடியே தெளிகருவியை முதுகில் கட்டிவிடுவார்கள். "மருந்து அடிக்காட்டி எல்லாம் போயிடும் ஐயா" என்ற வாக்கியத்தை நான் எத்தனை போகங்களில் கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

பூச்சியே இல்லாத வயலில், அல்லது கொஞ்சமாக இருக்கும் வயலில், எல்லாவற்றையும் கொல்லும் மருந்தை முந்தி அடித்தால் நடப்பது இதுதான். தத்தியைத் தின்னுகின்ற சிலந்திகளும் சிறு வண்டுகளும் நாவாய்ப்பூச்சிகளும் முதலில் சாகும். தத்தியின் முட்டை நெல்லின் இலைமடலுக்குள் இருப்பதால், மருந்து அதைத் தொடாது. சில நாட்களில் முட்டை பொரித்துக் குஞ்சுகள் வெளிவரும்போது, அவற்றைத் தின்ன வயலில் எவரும் இருக்க மாட்டார்கள். பயந்து அடித்த வயலில் தத்தி பெருகுவதும், பயம் இன்னும் கூடுவதும், மறுபடி அடிப்பதும் இப்படித்தான் தொடர்கின்றன. இந்தோனேசியா 1986 இல் 57 வகைப் பூச்சிநாசினிகளை நெல்லுக்குத் தடைசெய்தது இந்தக் காரணத்தினால்தான். அதனால் அந்நாட்டின் நெல் விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை.

அதனால் கமக்காரருக்கு நான் சொல்லி வந்த முறை ஒன்று உண்டு, அது வயலுக்கு வெளியிலும் பயன்படும். பயம் வந்தவுடன் செய்யத் தோன்றும் முதல் வேலையைச் செய்யாமல், அதற்குப் பதிலாகப் பார்க்கும் வேலையைச் செய்யுங்கள். காற்சட்டையை மடித்துக்கொண்டு வயலுக்குள் இறங்கி, ஒரு பூண்டு நெல்லை இரு கையாலும் விரித்து, அடித்தண்டைத் தட்டுங்கள். நீரில் விழுவதை எண்ணுங்கள். எத்தனை தத்தி, எத்தனை சிலந்தி என்று பத்து இடங்களில் எண்ணி எழுதிக்கொண்டு, கமநல சேவை நிலையத்துக்கு வாருங்கள். எண்ணிக்கொண்டிருக்கும் கைக்கு நடுக்கம் குறையும் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். உண்மையிலேயே தத்தி பெருகியிருந்தால் உடனே செய்ய வேண்டியது இருக்கும். அப்போது அச்சம் நமக்குச் செய்தது நன்மையே. வயலை எண்ணாமல் வரம்பில் நின்று பயப்படுவதைத்தான் நான் மறுக்கிறேன்.

வாசல்படியில் திரும்பி வராமல் இருப்பது

ஒட்டுசுட்டானிலிருந்து காலை பஸ்ஸில் புறப்பட்டு, காணி அனுமதிப்பத்திரம் பற்றிப் பேச அலுவலகத்துக்குப் போகின்றவர், வீட்டில் இருக்கும்போது மிகத் தெளிவாக இருப்பார். அலுவலக வாசலை அடைந்ததும் கால் பின்வாங்கும். இன்று அதிகாரி இருக்க மாட்டார், அடுத்த கிழமை பார்ப்போம் என்று மனம் காரணம் தேடும். இதைக் கோழைத்தனம் என்று ஏசுவது தவறு, ஏனெனில் இது அச்சமும் விருப்பமும் தூரத்தோடு வெவ்வேறு விதமாக மாறுவதால் வருவது.

அமெரிக்க உளவியலாளர் நீல் மில்லர் 1944 இல் இதை விளக்கினார்: இலக்கை நெருங்க நெருங்க இரண்டு விசைகளும் கூடுகின்றன, ஆனால் விலகும் விசை நெருங்கும் விசையைவிட மிகச் செங்குத்தாகக் கூடுகிறது. 1948 இல் ஜட்சன் பிரவுன் எலிகளுக்கு வார் கட்டி அவை இழுக்கும் பலத்தை அளந்தபோது இதுவே தெரிந்தது. உணவை நோக்கிப் பசித்த எலிகள் தூரத்திலும் ஓரளவு பலத்தோடு இழுத்தன. மின்னதிர்ச்சி வாங்கிய இடத்தை விட்டு ஓடும் எலிகளோ, அந்த இடத்துக்கு அருகே மிகப் பலமாக இழுத்தன, தொலைவிலோ ஏறக்குறைய இழுக்கவேயில்லை. தூரத்தில் விருப்பம் வெல்லும், வாசலில் அச்சம் வெல்லும்.

இதிலிருந்து பெற வேண்டிய பயன் தெளிவானது. வாசலில் வரும் அச்சத்தைப் புதிய செய்தியாக எடுக்காதீர்கள். வீட்டில் இருந்தபோது தெரியாத ஆபத்து எதுவும் அங்கே புதிதாகத் தோன்றிவிடவில்லை, நீங்கள் நெருங்கிவிட்டீர்கள், அவ்வளவுதான். இரண்டாவது, செய்ய வேண்டியதைத் தூரத்திலேயே சிறு சிறு அடிகளாக எழுதிவிடுங்கள்: எந்த பஸ், எந்தக் கடதாசிகள், காணிப் பிரிவு எது, வாயைத் திறந்து சொல்லும் முதல் வசனம் எது. வாசலில் தீர்மானம் எடுக்கும் வேலையை மிச்சம் வைக்கக் கூடாது. இயலுமானால், அந்த அலுவலை முன்னர் முடித்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

காலம் முடிந்த அச்சம்

வன்னியில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை நிற்கும் இடத்தில் அச்சத்துக்கு முழுவதும் கீழ்ப்படியுங்கள். மிதிவெடி அகற்றும் பணி முடிந்து காணி முறையாகக் கையளிக்கப்படும் வரை, விறகுக்கோ மாட்டுக்கோ உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது. அங்கே அச்சத்தைச் சோதித்துப் பார்க்கும் முயற்சிக்கே இடமில்லை.

காணி கையளிக்கப்பட்டபின்பும் ஆண்டுக்கணக்காக அந்தப் பக்கம் போகாமல் இருப்பவர்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். 1953 இல் ஆய்வாளர்களான ரிச்சர்ட் சொலமனும் லைமன் வின்னும் நாய்களை வைத்துச் செய்த ஆய்வொன்றில், மின்னதிர்ச்சி வருமுன் தடையைத் தாண்டிக் குதிக்கப் பழகிய நாய்கள், அதிர்ச்சியை நிறுத்திவிட்ட பின்னரும் நூற்றுக்கணக்கான தடவை குதித்துக்கொண்டே இருந்தன. குதித்துக்கொண்டே இருப்பதால், ஆபத்து முடிந்துவிட்டது என்பதை அறியும் வாய்ப்பே அவற்றுக்குக் கிடைக்கவில்லை. விலகி நடப்பதால் அச்சம் தன்னைத்தானே ஊட்டி வளர்க்கிறது. விருப்பம் அப்படியல்ல, எதிர்பார்த்தது கிடைக்காவிட்டால் அது மெல்லத் தளர்ந்துவிடும்.

ஆகவே, ஒவ்வோர் அச்சத்துக்கும் அது எந்த ஆண்டில், எந்த நிகழ்வில் தொடங்கியது என்று எழுதி, அந்த நிலைமை இன்னும் இருக்கிறதா என்று பக்கத்தில் குறியுங்கள். இல்லையென்றால், அங்கே நாள்தோறும் போய் வருகின்ற ஒருவரோடு முதலில் வேலிவரை, பிறகு கிணறுவரை என்று சிறிது சிறிதாகப் போய், பதற்றம் தணியும் வரை அங்கேயே நின்றுவிட்டுத் திரும்புங்கள். பதற்றத்தின் உச்சத்தில் திரும்பி ஓடி வந்தால் அச்சம் இன்னும் பலப்படும். நித்திரை கெட்டு, கனவில் பழைய காட்சிகள் வந்து, சிறு சத்தத்துக்கும் உடல் தூக்கிவாரிப் போடுகின்ற நிலை இருந்தால், இந்தக் கொப்பி போதாது. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகத் தயங்காதீர்கள்.

பிள்ளைகளை நடத்துவது

"படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய்" என்று நானும் என் மகளிடம் சொல்லியிருக்கிறேன். பருவமழைக்கும் வறட்சிக்கும் இடையில் நூறு மாட்டைக் காப்பாற்றுகிறவருடைய அறிவை அந்த வாக்கியம் அவமதிக்கிறது என்பது ஒருபுறம் இருக்க, அது வேலை செய்ததா என்று கேட்டால், செய்தது. அவள் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் நல்ல பெறுபேறு எடுத்தாள். பெறுபேறு வந்த அன்றே கணிதக் கொப்பிகளைக் கட்டிப் பரண்மேல் வைத்தாள், அதற்குப்பின் அந்தப் பாடத்தின் பக்கம் திரும்பவில்லை. அவளை ஓட வைத்த அச்சம் முடிந்தது, ஓட்டமும் முடிந்தது. அந்தப் பாடத்தில் அவளுக்கு ஒரு விருப்பம் முளைத்திருக்கக்கூடிய ஐந்து ஆண்டுகளை நான் பயமுறுத்தலால் நிரப்பிவிட்டேன் என்பது இன்றும் எனக்கு வருத்தம்.

அச்சமூட்டுவது எப்போதாவது அவசியமானால், அதற்குப் பக்கத்திலேயே வழியையும் காட்டுங்கள். 1965 இல் உளவியலாளர் ஹவார்ட் லெவென்தாலும் கூட்டாளிகளும் யேல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஏற்புவலியின் கொடுமையை விளக்கி, தடுப்பூசி போடும்படி கேட்டனர். அச்சமூட்டும் செய்தியை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேரே ஊசி போட்டனர். அதே செய்தியோடு, சுகாதார நிலையம் குறிக்கப்பட்ட வரைபடத்தைக் கொடுத்து, எந்த நேரம் போகலாம் என்று திட்டமிடச் செய்தபோது அது 28 வரை உயர்ந்தது. அச்சத்தைக் கடுமையாக ஊட்டியதா மெலிதாக ஊட்டியதா என்பது இதில் பெரிய வேறுபாட்டைத் தரவில்லை. ஆகவே "இப்படியே இருந்தால் தோற்றுப்போவாய்" என்று பத்துத் தடவை சொல்வதைவிட, ஒரு தடவை சொல்லிவிட்டு, "இரவு ஏழு மணிக்கு, இந்த மேசையில், பின்னக் கணக்கில் ஐந்து" என்று இடத்தையும் நேரத்தையும் குறித்துக் கொடுப்பது பலிக்கும்.

விருப்பத்தையும் சோதிப்பது

விருப்பம் எப்போதும் நல்வழியே காட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றை வேண்டுவதும், கிடைத்தபின் அதில் மகிழ்வதும் மூளையில் வெவ்வேறு வழிகளால் நடப்பவை என்று மூளை ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜின் ஆய்வுகள் காட்டியுள்ளன. லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிளுக்காக மூன்று மாதம் உறக்கமில்லாமல் இருந்த இளைஞர், அது வாசலில் நின்ற மூன்றாம் கிழமையே அதைக் கவனிக்காமல் விட்டதை எல்லோரும் கண்டிருப்போம். ஏற்கெனவே வைத்திருப்பவரிடம், வாங்கி ஆறு மாதமானவரிடம், போய்க் கேளுங்கள். அவருடைய இன்றைய மகிழ்ச்சியே உங்களுடைய நாளைய மகிழ்ச்சிக்கு நல்ல அளவு.

"இந்தக் கிழமைக்குள் காசு கட்டாவிட்டால் இடம் போய்விடும்" என்று வெளிநாட்டு ஆசையை ஊட்டிக்கொண்டு வருகின்ற முகவர்களிடத்தில் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. அங்கே விருப்பத்தைக் காட்டி, இழப்பின் அச்சத்தால் கையெழுத்து வாங்குகிறார்கள். ஒரே அளவான பேறு தரும் மகிழ்ச்சியைவிட இழப்பு தரும் வலி பெரிது என்று உளவியலாளர்களான டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979 இல் நிறுவியதை, இவர்கள் படிக்காமலே அறிந்திருக்கிறார்கள். 'இன்று மட்டும்' என்ற சொல் எங்கே வந்தாலும், இரண்டு இரவு உறங்கி எழுந்தபின்னரே பதில் சொல்லுங்கள்.

கொப்பியை எறிந்துவிடாமல் கூரைத்தடியில் செருகி வையுங்கள். அடுத்த காலபோக விதைப்புக்கு முன்னர், முதல் மழை பெய்த ஒரு மாலையில் அதை எடுத்து, 'கூடாது' என்று எழுதியவற்றுள் எவை உண்மையில் நடந்தன, 'வேண்டும்' என்று எழுதியவற்றுள் எதற்காக நீங்கள் இன்னும் காலையில் எழும்புகிறீர்கள் என்று, ஒவ்வொன்றின் எதிரேயும் வேறு நிறப் பேனாவால் குறியுங்கள்.